அலாரம் அனுமதிக் கட்டணம் கட்டியவர்களின் கோரிக்கைச் சாசனம்

டெக்சஸ் மாநில நகர மன்றங்களுக்கு,

ஹூஸ்டன், டாலஸ் வட்டாரங்களில் வீடு வாங்கிக் குடியிருக்கும் தமிழர்களும், மளிகைக் கடை, உணவகம், நகைக்கடை, பெட்ரோல் பங்க் நடத்தும் தமிழர்களும் சேர்ந்து இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம். எங்கள் வீட்டுக் கதவிலும் கடைக் கல்லாவிலும் அலாரம் இருக்கிறது. அதை இரவும் பகலும் கவனிக்கும் கண்காணிப்பு மையத்துக்கு மாதச் சந்தா கட்டுகிறோம். அந்த அலாரத்தை வைத்திருக்க நகரத்திடம் அனுமதி பெற்று, அதற்கும் கட்டணம் செலுத்துகிறோம். அனுமதி முறை இருக்கட்டும். அது ஏன் வந்தது என்பதும் எங்களுக்குத் தெரியும். 2002-இல் அமெரிக்கக் காவல் துறைகள் ஏறத்தாழ 3 கோடியே 60 லட்சம் அலாரங்களுக்கு ஓடின. அதற்கான செலவு சுமார் 180 கோடி டாலர். அவற்றில் நூற்றுக்கு 94 முதல் 98 வரை தவறான அலாரங்கள் என்று அமெரிக்க நீதித் துறை வெளியிட்ட காவலர் கையேடு கணக்கிடுகிறது. வீண் ஓட்டத்தைக் குறைப்பதில் நகரத்தைவிட எங்களுக்கு அக்கறை குறைவில்லை. பக்கத்துத் தெருவின் பொய் அலாரத்துக்குப் போன காவலர், எங்கள் வீட்டுக்கு உண்மையான ஆபத்து வரும்போது தாமதமாகத்தான் வருவார்.

எங்கள் கோரிக்கைகளில் பெரும்பாலானவை புதியவை அல்ல. டெக்சஸ் உள்ளாட்சிச் சட்டத் தொகுப்பின் 214-ஆம் அத்தியாயம், அலாரம் வைத்திருப்பவரின் கடமைகளையும் நகரத்தின் கடமைகளையும் ஒன்றாகவே எழுதி வைத்திருக்கிறது. எங்கள் பங்குக்குக் கெடு வைத்து வசூலிக்கிறீர்கள். உங்கள் பங்குக்கும் கெடு வேண்டும்.

முதலில், அனுமதி பெறும் வழி. வீட்டுச் சாவி கைக்கு வருகிறது, அலாரக்காரர் வந்து பெட்டியை மாட்டிவிட்டுப் போகிறார், மாதச் சந்தா தொடங்குகிறது. நகரத்திடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதை மட்டும் பலருக்கு யாரும் சொல்வதில்லை. முதல் அலாரம் அடித்து, அபராதக் கடிதம் வந்த பிறகே தெரியவருகிறது. ஆகவே அலாரம் பொருத்தப்படும் நாளிலேயே விண்ணப்பத்தை வாடிக்கையாளர் கையில் கொடுக்க வேண்டும் என்று நகர விதி சொல்ல வேண்டும். விண்ணப்பம் ஒரே பக்கத்தில், இணையத்திலும் காகிதத்திலும் கிடைக்க வேண்டும். பணம் கட்டிய அன்றே அனுமதி எண் வர வேண்டும். அனுமதி இல்லாத வீட்டில் முதல் முறை அலாரம் அடித்தால் அபராதம் போடாமல் 30 நாள் அவகாசம் கொடுங்கள். ஒவ்வொரு மாதமும் புதுக் குடும்பங்கள் குடியேறும் புறநகர்களில் இதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அறியாதவர்கள் மீது விழும் அபராதமாகவே முடிகிறது.

இரண்டாவது, கட்டணத்தின் கணக்கு. வீட்டுக்கு ஆண்டுக்கு 50 டாலர், மற்ற இடங்களுக்கு 250 டாலர் என்று சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. உச்சவரம்பை விலைப்பட்டியலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே சட்டம், வசூலாகும் அனுமதிக் கட்டணம் இந்த அலார நிர்வாகத்துக்கே செலவாக வேண்டும் என்றும் சொல்கிறது. அப்படியானால் எவ்வளவு வசூலானது, அதில் காவல் துறைக்கு எவ்வளவு போனது, வசூல் வேலையை ஏற்ற தனியார் ஒப்பந்தக்காரருக்கு எவ்வளவு போனது, மீதி எங்கே என்ற நான்கு வரிகளை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். பெரும்பாலான டெக்சஸ் நகரங்களின் நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. ஹூஸ்டனில் ஜூலை 1. வரவுசெலவுத் திட்டம் மன்றத்தில் வைக்கப்படும் முன்பே இந்தக் கணக்கு மக்கள் பார்வைக்கு வர வேண்டும். மீதம் இருந்தால் அடுத்த ஆண்டுக் கட்டணம் குறைய வேண்டும்.

மூன்றாவது கோரிக்கையை நாங்கள் அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் பணம் அதிகம் போவது இங்கேதான். தவறான அலாரம் என்று நகரம் தன் விருப்பப்படி எழுதிவிட முடியாது. நகரத்தின் ஆள் தகவல் வந்து 30 நிமிடத்துக்குள் இடத்துக்கு வந்திருக்க வேண்டும். வீட்டின் உள்ளேயோ வெளியேயோ சோதித்துப் பார்த்து, அலாரம் தவறானது என்று முடிவுக்கு வந்திருக்க வேண்டும். இரண்டும் நடந்திருந்தால் மட்டுமே அது சட்டத்தின் கண்ணில் தவறான அலாரம். 50 நிமிடம் கழித்து வந்து பார்த்த காவலர், திருடன் வந்து போய்விட்டானா, வரவே இல்லையா என்று எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் எங்கள் வீட்டுக்கு வரும் பில்லில் தேதியும் தொகையும் மட்டுமே இருக்கின்றன. தகவல் வந்த நேரம், காவலர் வந்து சேர்ந்த நேரம், எந்தக் கதவு, எந்த ஜன்னல் பார்க்கப்பட்டது என்ற மூன்று விவரங்களும் ஒவ்வொரு அபராதக் கடிதத்திலும் அச்சாக வேண்டும். நேரங்கள் இரண்டும் காவல் துறையின் கணினியில் ஏற்கெனவே பதிவாகின்றன. பில்லில் சேர்ப்பதற்குப் புது அலுவலர் வேண்டாம், புதுப் பணமும் வேண்டாம். இந்த மூன்றும் இல்லாத பில்லுக்கு எங்களிடம் பணம் கேட்கக் கூடாது. 30 நிமிடத்தைத் தாண்டி வந்த அழைப்புகளுக்கு ஏற்கெனவே வசூலித்த அபராதத்தை நகரமே தன் பதிவேட்டைப் பார்த்துத் திருப்பித் தர வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து கேட்கும்வரை காத்திருப்பது முறையல்ல.

நான்காவது, புயலுக்கும் மின்வெட்டுக்கும் எங்களிடம் அபராதம் கேட்காதீர்கள். 12 மாதத்தில் முதல் மூன்று தவறான அலாரங்களுக்கு அபராதம் இல்லை, அதற்குமேல் எண்ணிக்கையைப் பொறுத்து 50 முதல் 100 டாலர் வரை என்பது சட்டத்தின் அளவு. அந்த மூன்றும் ஒரே வாரத்தில் தீர்ந்துபோகும் ஊர் எங்களுடையது. 2024 ஜூலை 8 அன்று பெரில் புயல் கரையேறியபோது ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் இருண்டன. பலருக்கு நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அலாரப் பெட்டியின் பேட்டரி வடிந்து, மின்சாரம் விட்டுவிட்டு வரும்போது சென்சார்கள் தாமாகவே கூவும். வானிலை எச்சரிக்கை நடப்பில் இருந்த நேரத்திலும் அந்தப் பகுதியில் மின்வெட்டு இருந்த நேரத்திலும் அடித்த அலாரங்கள் கணக்கில் சேராது என்று விதியில் ஒரு வரி எழுதுங்கள். அதைக் கணினி தானாகக் கழிக்க வேண்டும். புயலில் கூரை பறிகொடுத்தவரிடம் சான்று கேட்டு அலையவிடக் கூடாது. அடுத்த புயல் பருவம் ஜூன் 1-இல் தொடங்குகிறது. இந்த வரி அதற்கு முன் வர வேண்டும்.

ஐந்தாவது, காவலரை அனுப்பும் முன் இரண்டு வெவ்வேறு எண்களுக்கு அழைப்பு. வீட்டுக்காரரை இருமுறை தொடர்புகொள்ள முயலும்படி கண்காணிப்பு மையத்தைக் கட்டாயப்படுத்த நகரத்துக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் ஆளில்லாத வீட்டின் அதே எண்ணில் இருமுறை மணி அடித்துவிட்டு விடுவதும் இரண்டு முயற்சி என்றே கணக்காகிவிடும். முதல் அழைப்பு வீட்டுக்கு, இரண்டாவது அழைப்பு வேறொரு கைப்பேசிக்கு என்று விதி தெளிவாக இருக்க வேண்டும். அலுவலகத்தில் இருக்கும் மருமகளோ பக்கத்து வீட்டு நண்பரோ ஒரு வார்த்தை சொன்னால் ஒரு காவல் வண்டியின் பயணம் மிச்சமாகும். இதில் ஒரு விலக்கு கட்டாயம் வேண்டும். கடையின் கல்லாவுக்கு அடியில் இருக்கும் கொள்ளை எச்சரிக்கைப் பொத்தானை அழுத்தினால் கடைக்கு எந்த அழைப்பும் வரக் கூடாது. துப்பாக்கி முனையில் நிற்பவரின் போன் அந்த நேரத்தில் ஒலிப்பது அவர் உயிருக்கே ஆபத்து. அதற்குக் காவலர் உடனே புறப்பட வேண்டும்.

ஆறாவது, மொழி. எங்கள் வீடுகளில் கோடைக்கு ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும், மாமனாரும் மாமியாரும் வந்து ஆறு மாதம் தங்குகிறார்கள். பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு, கருவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றவோ துணி உலர்த்தவோ பின்கதவைத் திறக்கிறார்கள். சைரன் அலறுகிறது. சுவரில் இருக்கும் பெட்டியிலிருந்து ஒரு குரல் ஆங்கிலத்தில் கடவுச்சொல் கேட்கிறது. பதில் வராவிட்டால் காவலர் புறப்பட்டுவிடுகிறார். வாசலுக்கு வரும் காவலரின் மனத்தில் இருப்பது வீட்டுக்குள் திருடன் இருக்கலாம் என்ற எண்ணம். எதிரில் நிற்பவரோ அவர் சொல்லும் கட்டளை ஒன்றையும் புரிந்துகொள்ள முடியாத எழுபது வயதுக்காரர். இது எவ்வளவு விபரீதமாக முடியும் என்பதை நாடு பார்த்திருக்கிறது. 2015 பிப்ரவரியில் அலபாமா மாநிலத்தின் மாடிசன் நகரில், மகன் வீட்டுக்கு வந்திருந்த 57 வயது இந்தியர் ஒருவர் நடைபாதையில் நடந்துகொண்டிருந்தார். சந்தேகப்படும்படி ஒருவர் நடமாடுவதாக யாரோ போன் செய்ய, வந்த காவலர் அவரைத் தரையில் வீழ்த்தினார். ஆங்கிலம் தெரியாத அவர் கழுத்தில் அடிபட்டு, கைகால்கள் ஓரளவு செயலிழந்த நிலையில் கிடந்தார்.

எங்கள் வீட்டு முதியவர்கள் யாருக்கும் அது நேரக் கூடாது. அதற்கு நாங்கள் கேட்பது பெரிய தொகையல்ல. அனுமதி விண்ணப்பத்தில் வீட்டில் பேசும் மொழி எது என்று ஒரு கட்டம் வைத்து, அந்த விவரம் புறப்படும் காவலரின் திரையில் தெரியச் செய்யுங்கள். அலாரம் அடித்தால் என்ன செய்ய வேண்டும், காவலர் வந்தால் கைகளை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு பக்கத் துண்டுத்தாளாக அச்சிடுங்கள். அதை எழுதித் தர நாங்கள் தயார். அவசர அழைப்பு மையங்களில் தொலைபேசி மொழிபெயர்ப்பு வசதி ஏற்கெனவே இருக்கிறது. அலாரம் தொடர்பான அழைப்புகளுக்கும் தமிழ் உட்பட அது கிடைக்கும் என்பதை எழுத்தில் உறுதிசெய்யுங்கள். கூட்டரசு நிதி பெறும் எந்த அமைப்பும் பூர்வீகத்தின் பேரால் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பகுதி சொல்கிறது. இந்தக் கோரிக்கைக்கு அடுத்த கோடை வருகைக்காலம்தான் கெடு.

ஏழாவது, எங்கள் விவரங்களின் இரகசியம். எந்த வீட்டில் என்ன வகை அலாரம், வீட்டுக்காரர் யார் என்று நகரத்திடம் நாங்கள் எழுதிக் கொடுக்கும் பட்டியல் திருடனின் கையில் கிடைத்தால் அதைவிட நல்ல வழிகாட்டி அவனுக்கு வேண்டியதில்லை. தங்கம் வைத்திருப்பார்கள் என்ற கணிப்பில் எங்களைப் போன்ற குடும்பங்களைக் குறிவைக்கும் கும்பல்கள் வெறும் வதந்தி அல்ல. 2011 முதல் 2014 வரை டெக்சஸ் உட்படப் பல மாநிலங்களில் ஆசியக் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து வீடு புகுந்து, கட்டிப்போட்டுக் கொள்ளையடித்த கும்பலை வழிநடத்திய ஹூஸ்டன் பெண்ணுக்கு, 2019-இல் மிச்சிகன் கூட்டரசு நீதிமன்றம் 37 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அலாரம் இருக்கும் இடம், குடியிருப்பவர் பெயர், கருவியின் வகை ஆகியவை இரகசியம் என்று டெக்சஸ் தொழில் சட்டத் தொகுப்பின் 1702-ஆம் அத்தியாயம் ஏற்கெனவே சொல்கிறது. வசூல் வேலையைச் செய்யும் தனியார் ஒப்பந்தக்காரரையும் அவருடைய துணை ஒப்பந்தக்காரரையும் இது கட்டுப்படுத்தும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். விவரம் கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். நடப்பு ஒப்பந்தம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். திருத்தம் இப்போதே போடலாம்.

எட்டாவது, மேல்முறையீடு. அபராதத்தை எதிர்த்து எழுதினால், பல இடங்களில் அதைப் படித்து முடிவு சொல்பவர் அபராதத்தை வசூலிக்கும் அலுவலகத்தைச் சேர்ந்தவராகவே இருக்கிறார். வசூலுக்குத் தொடர்பில்லாத ஓர் அலுவலர் விசாரிக்க வேண்டும். 30 நாளுக்குள் எழுத்தில் முடிவு வர வேண்டும். வராவிட்டால் அபராதம் தானாக ரத்தாக வேண்டும். முடிவு வரும்வரை பாக்கி என்று காட்டி அனுமதியை நிறுத்தக் கூடாது. குற்றம் நடந்திருக்கலாம் என்பதற்கான காட்சிப் பதிவைக் காவலர் சோதிக்கும் முன்பே கண்காணிப்பு மையம் கொடுத்துவிட்டால் அபராதமே போட முடியாது என்ற சட்ட விதியை மேல்முறையீட்டுப் படிவத்தின் முதல் வரியிலேயே அச்சிடுங்கள். கேமரா வாங்கி வைத்திருக்கும் கடைக்காரர்களில் பலருக்கு இந்த உரிமை இருப்பதே தெரியாது.

ஒன்பதாவது, புதுப்பித்தல். 30 நாள் முன்னறிவிப்பு இல்லாமல், புதுப்பிக்கவில்லை என்ற காரணத்தால் அனுமதியை முடிக்கக் கூடாது என்பது சட்டம். அந்த அறிவிப்பு தபாலில் மட்டும் வந்து விளம்பரத் தாள்களோடு குப்பைக்குப் போகக் கூடாது; கைப்பேசிக் குறுஞ்செய்தியாகவும் மின்னஞ்சலாகவும் வர வேண்டும். வீடு கைமாறினால் பழைய உரிமையாளரின் தவறான அலாரக் கணக்கு புதியவர் தலையில் ஏறக் கூடாது. வாடகை வீட்டிலும் இதே முறைதான் வேண்டும்.

பத்தாவது கோரிக்கை அலார நிறுவனங்களைப் பற்றியது. கதவு சரியாகப் பொருந்தாமல் ஒட்டிய சென்சார், நாய் நடந்தால் கூவும் அசைவுக் கருவி, வாடிக்கையாளருக்கு ஐந்து நிமிடம்கூடச் சொல்லித் தராமல் கிளம்பிவிடும் ஆள் என்று தவறான அலாரத்தின் வேர் பல நேரங்களில் பொருத்தியவரிடமே இருக்கிறது. தண்டம் கட்டுவதோ நாங்கள். அலாரம் பொருத்திய முதல் 14 நாள் பழகும் காலமாக இருக்கட்டும். அந்த நாள்களில் காவலர் அனுப்பப்படவும் வேண்டாம், அபராதமும் வேண்டாம். வாடிக்கையாளர் எண்ணிக்கைக்கு எத்தனை தவறான அலாரம் என்று நிறுவனவாரியாக ஆண்டுதோறும் பட்டியல் வெளியிடுங்கள். வாங்குபவர் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். விகிதம் மோசமாகத் தொடரும் நிறுவனத்தைப் பற்றி, உரிமம் வழங்கும் மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறைக்கு நகரமே எழுத வேண்டும். கையில் உள்ள தரவைத் தொகுத்து அச்சிடுவதற்கு ஓராண்டு தேவையில்லை.

பதினொன்றாவது, கணினி இணைப்பு. கண்காணிப்பு மையத்திலிருந்து அவசர அழைப்பு மையத்துக்குப் போன் போட்டு, வரிசையில் காத்திருந்து, முகவரியை எழுத்துக் கூட்டிச் சொல்வதற்குப் பதிலாக, விவரம் நேரே காவல் துறையின் திரைக்குப் போகும் ஏசாப் என்ற முறை இருக்கிறது. வர்ஜீனியாவின் ரிச்மண்டும் எங்கள் ஹூஸ்டனும் அதை முதலில் எடுத்துக்கொண்ட நகரங்களில் அடங்கும். இன்னும் சேராத நகரங்கள் அனுமதிக் கட்டணத்திலிருந்தே அதற்குச் செலவழித்துச் சேர வேண்டும். எங்கள் தெருப் பெயர்களையும் ஆள் பெயர்களையும் தொலைபேசியில் தவறாகக் கேட்டு எழுதும் தொல்லையும் அதோடு நீங்கும்.

கடைசியாக, காவலர் வருவதையே நிறுத்தும் யோசனை. நேரில் கண்டவரோ காட்சிப் பதிவோ உறுதிசெய்யாத அலாரத்துக்குக் காவலரை அனுப்புவதில்லை என்ற முறையைச் சால்ட் லேக் சிட்டி 2000 டிசம்பரில் கொண்டுவந்தது. ஜார்ஜியாவின் சாண்டி ஸ்பிரிங்ஸ் 2019-இலும், சியாட்டில் 2024 அக்டோபரிலும் அந்த வழியில் போயின. டெக்சஸ் நகரம் எதுவும் இதை இரவோடு இரவாகச் செய்ய முடியாது. அனுமதி பெற்றவர்களுக்கு முன்கூட்டித் தெரிவிக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டும், பொது விசாரணை நடத்த வேண்டும், அந்த முறையை ஏற்ற பிறகு அனுமதிக் கட்டணமோ அபராதமோ வசூலிக்கக் கூடாது என்று சட்டம் நிபந்தனை வைத்திருக்கிறது. அத்தகைய விசாரணை கடையைப் பூட்டிவிட்டு வரக்கூடிய மாலை நேரத்திலோ ஞாயிற்றுக்கிழமையிலோ நடக்க வேண்டும். தமிழில் பேச விரும்புகிறவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அந்த ஆண்டுக்குக் கட்டிய கட்டணத்தில் மீதமுள்ள மாதங்களுக்கான தொகை திரும்பி வர வேண்டும். கேமரா வாங்க வசதியில்லாத சிறிய கடைக்கும் தனியாக வாழும் முதியவருக்கும் என்ன பாதுகாப்பு என்பதற்கு, முடிவெடுக்கும் முன்பே மன்றம் பதில் சொல்ல வேண்டும்.

இந்தப் பன்னிரண்டில் எதற்கும் மாநிலச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. நகர விதியில் சில வரிகள், பில் படிவத்தில் மூன்று கட்டங்கள், ஒப்பந்தத்தில் ஒரு திருத்தம், ஆண்டுக்கு இரண்டு பட்டியல்கள் பெரும்பாலானவற்றுக்குப் போதும். இதற்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை ஏன் முடியவில்லை என்பதுதான் எங்கள் கேள்வி. இந்தச் சாசனம் கிடைத்த 60 நாளுக்குள் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏற்பு அல்லது மறுப்பு, ஏற்பு என்றால் எந்தத் தேதியில் நடப்புக்கு வரும் என்று எழுத்தில் பதில் தாருங்கள். பிறகு வரும் முதல் மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேருங்கள். நிரலில் உள்ள பொருள் பற்றிப் பேசும் உரிமையை மாநிலச் சட்டம் எங்களுக்குக் கொடுத்திருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு எங்கள் அனுமதி எண்களோடும், நேரம் அச்சாகாத பில்களோடும் வருகிறோம்.